சுவரைத் தட்டிய டம்ளர்

பக்கத்து அறை டிவியில் கபடி ஓடிக்கொண்டிருந்தது. சீசன் தொடங்கிய வாரமே தமிழ் அணியும் தெலுங்கு அணியும் மோதுகின்றன. கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த அறைக்காரரின் முகத்தை நான் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு ஷிஃப்ட், எனக்கு வேறு ஷிஃப்ட். சத்தம் மட்டும் சுவரைத் தாண்டி வரும்.

திருவள்ளூரில் நான் வளர்ந்த லைன் வீட்டுச் சுவரும் இப்படித்தான், ஒற்றைச் செங்கல். இந்தப் பக்கம் தமிழ் அணி ரசிகரான என் நைனா. அந்தப் பக்கம் தெலுங்கு அணிக்காக உயிரை விடும் சீனு மாமா. யாருடைய அணி பாயிண்ட் எடுக்கிறதோ அவர் எவர்சில்வர் டம்ளரால் சுவரைத் தட்டுவார். மற்றவர் வாயால் பதில் சொல்லியாக வேண்டும்.

"இன்னாடா சீனு, சத்தமே காணோம்? தூங்கிக்கினு கீறியா?"

"மேட்ச்சு இன்னும் முடியல, கம்முனு இரு!"

சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்து சோற்றில் விழும். அம்மா திட்டமாட்டாள், தட்டை மட்டும் தள்ளி வைப்பாள். நைனா போன பிறகு நான் கபடியே பார்ப்பதில்லை.

கடைசி ரெய்டில் தமிழ் அணி ஜெயித்துவிட்டதாக வர்ணனையாளர் அலறினார். கை தானாக டம்ளரை எடுத்தது. சுவரைப் பலமாகத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன்.

"சாரி சார்" என்றது ஒரு குரல். டிவி அணைந்துவிட்டது.