சதாராவில் நாம் விட்டுவந்த எஸ்தர் அக்கா

நம் ஊர் மண்டி மொஹல்லாவில் ஒரு கடையில் ஹெல்மெட் கண்ணாடியை மாற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எஸ்தர் அக்கா போய்விட்டார். நம் பைக் குழுவின் வாட்ஸப்பில் அறிவித்தவர் தலைவர். 'குழுவின் தூண் சாய்ந்தது' என்று எழுதி, கும்பிடும் கைகள் மூன்று போட்டிருந்தார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை வீட்டுக்குப் போன பிறகு வந்தது.

தலைவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். எந்தப் பயணத்திலும் வரிசையின் கடைசியில்தான் வருவார். ஏன் அக்கா என்று ஒருமுறை கேட்டேன். "முன்னாடி போறவனுக்கு ரோடு தெரியும். கடைசில வர்றவளுக்குத்தான் எவன் விழுந்தான்னு தெரியும்" என்றார். நஞ்சன்கூடு சாலையில் நான் விழுந்தபோது என் முழங்காலைக் கட்டியவர் அவர்தான். கட்டி முடிக்கும்வரை திட்டிக்கொண்டே இருந்தார்.

கட்ச் பயணத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கிளம்பும் காலையில் தலைவர் தன் முகத்தையே அச்சடித்த வட்ட ஸ்டிக்கர்களைக் கொண்டுவந்தார். நம் வண்டிகளில் பெட்ரோல் மூடியில் சாவித் துளை இருந்ததால் டேங்கின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டோம். அக்காவின் பழைய வண்டிக்கு மட்டும் திருகு மூடி. "உங்களுக்கு நடுவுலேயே ஒட்டறேன் அக்கா" என்று தலைவரே கட்டை விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினார். அந்தப் போட்டோவை எடுத்தவன் நான். யார் கேட்டாலும் காட்டுகிறேன்.

நாகமங்கலம் தாண்டியதும் அக்காவின் வண்டி இருமி இருமி நின்றது. மூடியைத் திறந்து பார்த்தோம், பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு உதைத்தால் கிளம்பியது. நாற்பது கிலோமீட்டர் போனதும் திரும்ப நின்றது. சித்ரதுர்காவில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். ஹுப்பள்ளியில் பெட்ரோல் குழாயையும் வடிகட்டியையும் மாற்றினோம். ஒன்றும் பலிக்கவில்லை. "நர்ஸம்மா மனுஷங்களைப் பாத்துக்குவாங்க, வண்டியைப் பாத்துக்க மாட்டாங்க" என்றார் தலைவர். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள், சதாராவுக்கு அருகே ஒரு சாலையோர ஹோட்டலில் தலைவர் தீர்ப்புச் சொன்னார். "உங்க ஒருத்தருக்காக பதினோரு பேர் நிக்க முடியாது அக்கா. லாரியில ஏத்திட்டு ஊருக்குப் போங்க." பதினோரு பேரும் கிளம்பினோம். நமக்கெல்லாம் பின்னால் வந்தவருக்குத் துணையாக ஒருவரும் நிற்கவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் திண்டில் உட்கார்ந்திருந்ததை என் வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்துவிட்டும் போனேன்.

நாம் போன பிறகு நடந்ததை அக்கா பிறகு சொன்னார். மூடியை மெதுவாகத் திருகியபோது 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டதாம். மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. அந்தத் துளையைத் தலைவரின் முகம் அடைத்திருந்தது. "பதினோரு பேர் சுத்தி நின்னு பேசினா நோயாளியோட மூச்சு எப்படிக் கேக்கும்?" என்றார் அக்கா. ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு வண்டியை உதைத்திருக்கிறார். அதன் பிறகு அது நிற்கவே இல்லை.

வழியெல்லாம் படம் எடுத்துக்கொண்டு நாம் கட்ச் போய்ச் சேர்ந்தபோது, அக்கா அங்கே ஒரு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும் தலைவரிடம் கேட்டார்: "தப்பு என் மேலன்னு ஒரு வார்த்தை சொல்லு. அது போதும்." தலைவர் சிரித்தார். "ஹோக்லி பிடி அக்கா, போகட்டும் விடுங்க" என்றார். ஊர் திரும்பியதும் குழுவின் பயணப் பதிவேட்டில் எழுதினார்: 'எஸ்தர், சதாராவில் விலகல். காரணம், வண்டிப் பராமரிப்பின்மை.' அந்த வரி இன்றும் அழியாமல் இருக்கிறது.

அடுத்த வாரமே அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். நிற்க வைத்து முழுசாகக் கேட்டார். பிறகு, "உன்னோடது முடிஞ்சுது. உக்காரு, காபி குடி. அவனோடது முடியல" என்றார்.

கடைசி மாதத்தில் தலைவர் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். "பழம் சும்னே, சும்மா எதுக்கு? சொல்ல வேண்டியதைச் சொல்லு" என்றார் அக்கா. தலைவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு, நன்றாக ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அடக்கத்தன்று அதே மனிதர் மைக் பிடித்து, "எல்லாரையும் மன்னித்த தாய்" என்று பேசினார். வெளியே வந்து என் தோளில் கை போட்டார். "மலர்ல எழுது குரு. அந்த சதாரா விஷயம் மட்டும் வேணாம்" என்றார். அதனால்தான் அதை மட்டுமே எழுதியிருக்கிறேன். மலரைத் தொகுப்பவன் நான், எவரும் ஒரு வரியை வெட்ட முடியாது.

அக்கா எல்லோரையும் மன்னிக்கவில்லை. கேட்டவனை மன்னித்தார். கேட்காதவர் மேல் கடைசிவரை கோபமாகத்தான் இருந்தார். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கோபத்தைத்தான்.

தலைவரே, அந்த வரியை அழித்துவிட்டு, தப்பு உங்கள் மேல் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் ஒருநாள் மலர் போடுவார்கள். அதையும் நான்தான் எழுதுவேன்.