உபரி ஆண்களும் ஒரு கிலோ ஜிலேபியும்

தரமணியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் காமாக்ஷி மொழிபெயர்ப்பாளர். மயிலாப்பூரிலிருந்து பறக்கும் ரயிலில் போய் வருவாள். அன்று அவள் மேஜைக்கு ஓர் ஆங்கிலக் கட்டுரை வந்தது. பெண் சிசுக்களை அழித்த ஊர்களில் பெண்டாட்டி கிடைக்காத இளைஞர்கள் பெருகுகிறார்கள். தீவிரவாதக் குழுக்கள் அவர்களைத் தேடிப் போய், காசும் மரியாதையும் கடத்தி வந்த பெண்ணும் தருவதாக ஆசை காட்டுகின்றன. எல்லாரும் மயங்குவதில்லை, மயங்குகிறவர்களே போதும், எத்தனை பேர் செத்தாலும் குழுவுக்கு ஆள் பஞ்சம் வராது. இந்த இளைஞர்களுக்குக் கட்டுரை வைத்திருந்த பெயர் 'உபரி ஆண்கள்'.

உபரியாம்! அவர்கள் என்ன கூடுதலாகவா பிறந்தார்கள்? பக்கத்தில் நிற்க வேண்டியவளை அல்லவா கொன்றுவிட்டார்கள்! அந்தச் சொல்லைத் தமிழில் எழுத அவளுக்குக் கை வரவில்லை. அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் மருமகள் ஸ்நேஹா முகம் வீங்க அழுதுகொண்டிருந்தாள். முதல் குழந்தை பெண், இப்போது இரண்டாவது வயிற்றில். மகன் ஜெயராம் அன்றுதான் அவளை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தான்.

"ஜிலேபி வாங்கிண்டு போங்கோன்னுட்டார்ம்மா டாக்டர்" என்றான், தணிந்த குரலில்.

"அதுக்கென்ன, வாங்கிண்டு வரவேண்டியதுதானே?"

"புரியலையா? லட்டுன்னா பையன், ஜிலேபின்னா பொண்ணு. நேரா சொன்னா ஜெயில், அதான் இப்படிச் சொல்றா."

சனிக்கிழமையே கலைத்துவிடலாம், ஸ்நேஹாதான் முரண்டு பிடிக்கிறாள், நீ சொன்னால் கேட்பாள் என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். காலையில் இட்ட விபூதி நெற்றியில் இன்னும் கலையவில்லை. இவனைப் பெற்ற வயிறு அவளுக்குப் பற்றி எரிந்தது.

காமாக்ஷி செருப்பை மாட்டிக்கொண்டு மாட வீதிக்குப் போனாள். ஒரு கிலோ ஜிலேபியோடு திரும்பி, அடுக்ககத்தின் ஒவ்வொரு கதவையும் தட்டினாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: எங்காத்துக்கு இன்னொரு பேத்தி வரப்போறா.

மானம் போகிறதே என்று ஜெயராம் பின்னாலேயே ஓடி வந்தான்.

"போகட்டும். நாளைக்குக் குழந்தை எங்கேன்னு இத்தனை பேரும் உன்னைக் கேப்பாடா."

கடைசி ஜிலேபியை ஸ்நேஹாவுக்குத் தன் கையால் ஊட்டினாள். அந்தப் பெண் அழுதுகொண்டே மென்றாள்.

மறுநாள், வெறுமனே விட்ட இடத்தில் காமாக்ஷி எழுதினாள்: 'பெண்களை அழித்ததால் துணையற்றுப்போன ஆண்கள்.' ரொம்ப நீளமாக இருக்கிறதே என்றார் அதிகாரி. கொன்றது கொஞ்சமா என்று கேட்டுவிட்டு, அவள் அடுத்த வரிக்குப் போனாள்.