அவள் பெயரில் வந்த இரண்டாயிரம்

2023 ஜூலை 27, வியாழக்கிழமை, பகல் 12.40. தூறல், காற்று இல்லை. மட்டாஞ்சேரி வீட்டில் அலமாரிக்குள் இருந்த என் மனைவியின் பட்டன் போன் இரண்டு முறை அதிர்ந்தது. அவள் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. போனுக்கு நான் சார்ஜ் போடுவதை நிறுத்தவில்லை.

விவசாயிகளுக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை அரசு தரும் இரண்டாயிரம் ரூபாய் வந்திருந்தது. செங்கோட்டைப் பக்கம் அவள் பெயரில் நாற்பத்திரண்டு சென்ட் வயல் உண்டு. அவளுடைய தம்பி முறைக்காரர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். செய்தியின் தொடக்கத்தில் அவள் பெயர் இருந்தது. இந்த உலகத்தில் அவளை இன்னும் பெயர் சொல்லி அழைத்தது அது ஒன்றுதான்.

அவள் இருந்தபோது ஒவ்வொரு தடவையும் அதை நான் வாசிக்க வேண்டும். முழுக்க வாசித்ததும், "பேரை மட்டும் இன்னொரு தடவ" என்பாள். பிறகு சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். "வாங்க, என் சம்பளம் வந்திருக்கு. இன்னைக்குச் சாயா என் செலவு." நான் மிளகுக் கிடங்கில் இருபத்தொன்பது வருஷம் கணக்கு எழுதியவன். அது சம்பளமில்லை, உதவித்தொகை என்று திருத்துவேன். கடையில் பழம்பொரி ஆறிவிடும் என்பாள்.

மறுநாள் சுள்ளிக்கல்லில் உள்ள சேவை மையத்துக்குப் போனேன். இறந்தவளுக்குப் பணம் வருவது தவறு, அதைச் சொல்லிவிட வேண்டும் என்ற பதற்றம். அங்கிருந்த பெண்ணிடம் மனைவியின் ஆதார் அட்டையை நீட்டினேன். ஐம்பது வருஷம் மலையாளம் பேசியவன், அந்த ஒன்றை மட்டும் மலையாளத்தில் சொல்ல வரவில்லை. "சம்சாரம் இல்ல" என்றேன்.

"அது சாரமில்ல அங்கிளே," என்றாள் அவள். "விரல் பதிச்சிட்டுண்டல்லோ. பைசா வந்தோளும்."

பரவாயில்லை, கைரேகை பதிவாகியிருக்கிறது, பணம் வரும் என்கிறாள். கணவனுக்கு அது தொடரும் போலிருக்கிறது என்று எண்ணித் திரும்பினேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். பணத்தைத் தொடவில்லை. அடுத்த செய்தி எப்போது வரும் என்று மட்டும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் வந்தது. மறுபடி அவள் பெயர். சாயாக் கடை வரைக்கும் தனியாக நடந்துபோய், உள்ளே நுழையாமல் திரும்பிவிட்டேன். ஆனால் அவள் பெயருக்கே ஏன் வருகிறது என்று மனம் குடைந்தது. மையத்துக்குப் போய்க் கேட்டேன்.

"அம்மைக்கு சம்சாரமில்லான்னல்லே அங்கிள் அன்னு பறஞ்ஞது?" என்றாள் அந்தப் பெண். அம்மாவுக்குச் சம்சாரம் இல்லை என்றுதானே அன்றைக்குச் சொன்னீர்கள் என்கிறாள்.

அப்போதுதான் உறைத்தது. மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. என் மனைவிக்குப் பேச்சு வராது என்று அவள் புரிந்துகொண்டிருக்கிறாள். அதனால்தான் விரல் போதும் என்றிருக்கிறாள். "மரிச்சுபோயி" என்றேன். அந்த வார்த்தையை அன்றுதான் முதல் முறை வாய்விட்டுச் சொன்னேன்.

அவள் விளக்கினாள்: வயல் இருக்கும் ஊரின் வேளாண்மை அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழ் கொடுத்துப் பெயரை நீக்க வேண்டும், இரண்டு தவணையையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

"பணத்த எடுத்துக்கட்டும் மோளே. மெசேஜ் மட்டும் வந்துட்டிருக்குமா?"

அவள் சிரிக்கவில்லை. "இல்ல அங்கிளே. பேரு போயால் எல்லாம் நின்னு போகும்."

இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். யாருக்கும் தெரியப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பொய்யாக வரும் செய்தியில் அவள் பெயரை இன்னொரு தடவை வாசிக்க என்னால் முடியாது. டிசம்பரில் ரயிலேறிச் செங்கோட்டைக்குப் போனேன். அலுவலர் கணினியில் அவள் பெயரைத் தேடி எடுத்து, சரிதானா என்று உரக்க வாசித்தார். சரி என்றேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன், வாசித்தார். பிறகு நீக்கினார்.

பிப்ரவரிக் கடைசியில் எல்லோருக்கும் பணம் வந்ததாகப் பேப்பரில் பார்த்தேன். அலமாரிக்குள் சத்தமில்லை.

திருப்பிக் கட்டியது நாலாயிரம். ரயிலுக்குப் போக வர நானூற்றுப் பத்து. நகலும் மையத்துக் கட்டணமும் அறுபது. ஆக மொத்தம் நாலாயிரத்து நானூற்று எழுபது ரூபாய்.