இடது பக்கத்து ஸ்க்ரூ

கடையில் அவளுக்கு நுணுக்கம் என்று பெயர். வைத்தவர் முதலாளி. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அவள் வேலைக்கு வந்த முதல் வாரமே, "இந்தப் பொண்ணு கொசு வந்து கேட்டாலும் பிரேம் மாட்டி அனுப்பும்" என்று சொல்லி அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார். அதற்கப்புறம் அவளுடைய சொந்தப் பெயர் விடுப்புக் கடிதத்தில் மட்டும்தான் தலைகாட்டியது.

அவள் வேலை இதுதான். வாடிக்கையாளருக்கு எதிரே உட்கார்ந்து, மூக்கின் மேல் சின்ன அளவுகோலை வைத்து, இரண்டு கருவிழிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க வேண்டும். பிறகு பிரேமைக் காதுக்கும் மூக்குக்கும் ஏற்ற மாதிரி வளைத்துக் கொடுக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருத்தரின் கண்ணுக்குள் அரை நிமிடம் உற்றுப் பார்த்தால் மற்ற இடத்தில் சண்டைக்கு வருவார்கள். இங்கே சமர்த்தாக உட்கார்ந்து காட்டுகிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வேலையை அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் அது பொய்யில்லை. யார் முகத்தைப் பார்த்தாலும் அதில் தன் முகம் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று தேடுவது சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பழக்கம்.

ஏழு வயதில் அம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது, வேனைத் தவிர எதையும் வளைத்துப் பழக்கமில்லை. டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது, "நீ என் வயித்துல பொறக்கல பாப்பா. குழந்தைங்க இல்லத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தேன். அந்த ஸ்பேனரை எடு" என்றாள். குழந்தை ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தது. அன்றைக்கு அழுகை எதுவும் இல்லை. அது பன்னிரண்டு வருஷம் தள்ளி, வட்டியும் முதலுமாக வந்தது.

பத்தொன்பது வயதில் அவள் இல்லத்துக்குப் போய் விசாரித்தாள். பெற்றவளின் பெயரும் விலாசமும் தர மாட்டார்கள், கடிதம் கொடுத்தால் பிரிக்காமல் அனுப்பி வைப்பார்கள், அதுதான் அங்கே விதி. அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினாள். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டுக் கடைசியில், 'நாய்கூடத் தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போகும். நீங்கள் அதற்கும் கீழே' என்று முடித்தாள். அனுப்பிவிட்டுத் திரும்பும்போது, சாதித்துவிட்ட மாதிரி நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

பதில் வரவில்லை. எப்படி வரும்?

அம்மாவிடம் அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். தன் பக்கம் பேசியதற்கு அம்மா மகிழ்ந்துபோவாள் என்று நினைத்திருந்தாள். அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்தாள்.

"அவளைத் திட்டினா என்னைப் பாராட்டின மாதிரி ஆயிடுமாடி? அவ கொடுத்ததாலதான் நீ எனக்குக் கெடைச்ச. இன்னொருத்தி வயிறெரிய வச்சு எனக்கு ஒரு பெருமையும் வேணாம்."

கோபத்தில் எழுதியது எழுதியதுதான். கொட்டின பாலை அள்ள முடியாது. ஆனால் அந்த நாய் வரி மட்டும் அவளை விடவில்லை. பல் துலக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, யாருக்காவது லென்ஸ் துடைத்துக் கொடுக்கும்போது திடீரென்று அது வந்து நிற்கும். தன்னை ஏன் விட்டுப் போனாள் என்ற கேள்வி வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே போனது. அந்த வரியை எப்படித் திரும்ப வாங்குவது என்பது அதைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது.

நாலு வருஷம் ஆறப்போட்டுவிட்டு இரண்டாவது கடிதத்தை எழுதினாள். 'முதல் கடிதத்துக்கு என்னை மன்னித்துவிடுங்கள். எனக்கு இப்போது கோபம் இல்லை. இந்தக் கடையில், உள்ளே வந்ததும் இடது பக்க மேசையில் இருப்பேன். ஒரு முறை வந்தால் போதும். நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.' வீட்டில் கவர் இல்லாததால் கடைக் கவரிலேயே போட்டு ஒட்டினாள். அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூக்குக்கண்ணாடிப் படமும், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் கடை விலாசமும் இருக்கும்.

"கையெழுத்தைப் பாரு, எறும்பு மையில விழுந்து எழுந்து ஓடின மாதிரி," என்றாள், ஒட்டுவதற்கு முன் அதை வாங்கிப் பார்த்த அம்மா. "இதை யாரு படிக்கிறது?"

"படிக்கணும்னு நினைச்சா படிப்பாங்க."

கடிதத்தை இல்லத்தில் கொடுத்து எட்டு மாதம் போயிற்று. முதல் இரண்டு மாதம் கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் வேலையை விட்டு நிமிர்ந்து பார்த்தாள். நாற்பதைத் தாண்டின பெண் யார் வந்தாலும், இவங்களா, இவங்களா என்று மனம் அடித்துக்கொள்ளும். ஒரு டீச்சரை அவள் பார்த்த பார்வையில், அந்த அம்மா கண்ணில் ஏதோ பெரிய வியாதி என்று பயந்து முதலாளியைக் கூப்பிட்டுவிட்டார். அப்புறம் அவளுக்கே அலுத்துப்போனது. வருகிற ஆள் வந்திருப்பார் இத்தனை நாளில், அவ்வளவுதான் நமக்குக் கொடுத்துவைத்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, முகங்களைத் தேடுவதை விட்டு மறுபடி மூக்குகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண்மணி வந்தார்.

ஒல்லியான உடம்பு, வெயிலில் நடந்துவந்த களைப்பு, உள்ளங்கையில் பழைய சூட்டுத் தழும்பு. ஓட்டல் ஒன்றில் துணி தேய்க்கும் வேலை, இரண்டு பஸ் மாறி வந்தேன் என்றார்.

"வாங்கம்மா, உட்காருங்க. தேய்க்கும்போது மங்கலா தெரியுதாம்மா?"

"அதுக்குக் கண்ணே வேணாம். கைக்குத் தெரியும். படிக்கத்தான்."

படிக்கும் அட்டையைக் கொடுத்ததும் அதைக் கை நீட்டுகிற தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தார். நாற்பதைத் தாண்டினவர்கள் எல்லாரும் செய்வதுதான். கை நீளம் போதாமல் போன அன்றைக்குத்தான் கடைக்கு வருவார்கள். நுணுக்கம் அளவெடுத்தாள். அந்தக் கண்கள் படபடவென்று இமைத்துக்கொண்டே இருந்ததால் மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது.

நாலு நாள் கழித்துக் கண்ணாடி தயாரானது. மாட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் சரிந்தது.

"உங்களுக்கு இடது காது ஒரு நூல் எறங்கியிருக்கும்மா. நிறைய பேருக்கு இருக்கும். எனக்கும் அப்படித்தான்," என்று சொல்லிக்கொண்டே நுணுக்கம் கம்பியைச் சூடுகாட்டி வளைத்தாள்.  எழுந்து போகும்போது அவர் கேட்டார்.

"இதைப் போட்டா கையெழுத்து தெரியுமா? பேனாவுல எழுதினது. ரொம்பப் பொடியா இருக்கும்."

"எறும்பு எழுதினாலும் தெரியும்மா."

பத்தாம் நாள் அவர் திரும்ப வந்தார். மூக்கில் அழுத்துகிறதாம். அழுத்தின தடம் எதுவும் மூக்கில் இல்லை, இருந்தாலும் சரிசெய்து கொடுத்தாள். அடுத்த வாரம் இடது பக்கக் கம்பி தனியாக, கண்ணாடி தனியாக, இரண்டையும் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். ஸ்க்ரூ கழன்று விழுந்துவிட்டதாம். புது ஸ்க்ரூ போட்டுக் கொடுத்தாள். இரண்டு வாரம் கழித்து அதே இடது பக்கம், அதே கைக்குட்டை.

"ஒரு சொட்டு பசை விட்டு முறுக்கிடறேன்மா. அப்புறம் ஆயுசுக்கும் கழலாது."

"பசை வேணாம்மா."

"ஏன்மா? கறை எல்லாம் ஆகாது."

"வேணாம்மா. இப்படியே இருக்கட்டும்."

அவர் போனதும் முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "மறை கழண்டது கண்ணாடிக்கா, அந்தம்மாவுக்கா?" அன்றிலிருந்து அந்தப் பெண்மணிக்கு ஸ்க்ரூ அம்மா என்று பெயர் நிலைத்துவிட்டது. நுணுக்கமும் சிரித்தாள். ஆனால் அவளுக்குள் தொழில் ரோஷம் குடைந்தது. தான் முறுக்கிய ஸ்க்ரூ தானாகக் கழன்றதாகச் சரித்திரம் இல்லை.

மூன்றாவது தடவை ஸ்க்ரூ கழன்று வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். முதலாளி பின்னால் கண் அயர்ந்திருந்தார். ஸ்க்ரூ அம்மா கைக்குட்டையை அவிழ்த்தார். இந்த முறை ஸ்க்ரூவும் அதிலேயே இருந்தது, தொலையவில்லை. நுணுக்கம் அதை இடுக்கியால் எடுத்துப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தாள்.

ஸ்க்ரூவின் தலையில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கீறல். அதற்கான சின்ன திருப்புளி பட்டால் அப்படிக் கீறாது. கத்தி முனையோ ஊசியோ வைத்து, வழுக்கி வழுக்கி, பொறுமையாகத் திருகியிருந்தால்தான் அப்படிக் கீறும். இது விழுந்த ஸ்க்ரூ இல்லை. யாரோ உட்கார்ந்து கழற்றிய ஸ்க்ரூ.

தன் கண்ணாடியைத் தானே கழற்றிக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஒருத்தர் எதற்கு வர வேண்டும்? அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலோடு நிமிர்ந்தவள், எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். திருட்டு பிடிபட்ட பிள்ளையைப் போல அந்த முகம் கீழே கவிழ்ந்திருந்தது. தலை கவிழ்ந்ததில் இடது காது, ஒரு நூல் இறங்கின காது, முன்னால் தெரிந்தது. பொடிக் கையெழுத்து, படிப்பதற்கு மட்டும் ஒரு கண்ணாடி, பசை வேணாம் என்ற பிடிவாதம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தன.  ஸ்க்ரூ இடுக்கியிலிருந்து நழுவி மேசையில் உருண்டது.

கேட்க வேண்டியதைக் கேட்கத் தைரியம் வரவில்லை. தொழிலில் கேட்கும் கேள்விதான் வாயில் வந்தது.

"இது எப்படிம்மா கழண்டுச்சு?"

அவர் கைக்குட்டையை நாலாக மடித்தார். பிறகு மெதுவாக, "கேள்வி கேக்க மாட்டேன்னு எழுதியிருந்தியே," என்றார்.

 நுணுக்கத்துக்கு அழுகை வந்து, பாதியிலேயே சிரிப்பாக மாறி, இரண்டும் கெட்டானாக வெளியே வந்தது.

"இது கடைக் கேள்விம்மா," என்றாள்.

அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கைப்பையைத் திறந்து, மூக்குக்கண்ணாடிப் படம் போட்ட கவரை எடுத்து மேசை மேல் வைத்தார். மடித்து மடித்து ஓரமெல்லாம் துணி மாதிரி ஆகியிருந்தது.

"ஆறு மாசம் பிரிச்சே பாக்கல. மொதக் கடுதாசி மாதிரியே இருக்கும்னு பயம். பிரிச்சா எழுத்து தெரியல. அடுத்தவங்க கையில கொடுத்துப் படிக்கச் சொல்ல மனசு வரல. கண்ணு தெரியலங்கறது நல்ல சாக்காவும் இருந்துச்சு. அப்புறம் கவர்ல இருக்கற படத்தைப் பாத்துட்டு, கண்ணாடி வாங்கறதா இருந்தா இங்கயே வாங்கலாம்னு வந்தேன். நீ இங்கதான் இருக்கன்னு அன்னைக்குத் தெரியாது. நீ போட்டுக் கொடுத்த கண்ணாடியை வச்சுத்தான் படிச்சேன்."

"அந்த மொத கடுதாசி..." என்று ஆரம்பித்தவள் கவரின் ஓரத்தை விரலால் நீவினாள். "அந்த நாய்னு எழுதினது. அதை நான் எழுதியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிருங்க."

"அந்த வரியைப் படிக்க எனக்குக் கண்ணாடியே வேணாம்." அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். "எழுதும்போது உனக்கு என்ன வயசு?"

"பத்தொம்பது."

"உன்னை அங்க விட்டப்ப எனக்கும் அதே வயசுதான். தூக்கிட்டுப் போக ஒரு வீடு இல்ல. அந்த வயசுல நானும் ஒண்ணும் சரியா பண்ணல. நீதான் என்னை மன்னிக்கணும். அதைக் கேக்கத்தான் ஒவ்வொரு தடவையும் கெளம்பி வருவேன். இங்க வந்து உட்கார்ந்ததும் மூக்குல அழுத்துதுன்னு சொல்லிட்டுப் போயிடுவேன்."

"நான் எப்பவோ மன்னிச்சாச்சு. எழுதியிருந்தேனே."

"படிச்சேன். ஆனாலும் காதால கேக்கணும்ல."

நுணுக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தழும்பு ஏறிய உள்ளங்கை சூடாக இருந்தது. இருவருக்கும் அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டிப்பிடித்துக் கதறுவதற்கு நடுவில் மேசை வேறு இருந்தது.

"மன்னிச்சேன்மா," என்றாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இங்க வர்றவங்க எல்லாரையும் நீ அம்மான்னுதான் கூப்பிடற. எனக்குத் தெரியும். இருந்தாலும் மொத நாள் நீ வாங்கம்மான்னு சொன்னியே, அதை இன்னொரு தடவை கேக்கலாம்னுதான் ஸ்க்ரூவைக் கழட்டினேன்." கொஞ்சம் தயங்கி, "உன்னை வளத்தவங்களுக்கு நீ எழுதினது தெரியுமா? மனசு கஷ்டப்படுவாங்களே," என்றார்.

"மொத கடுதாசிக்கு என்னைத் திட்டினதே அவங்கதான். சாயங்காலம் வேனை எடுத்துட்டு இங்க வருவாங்க. இருந்து பாத்துட்டுப் போங்க. வாய்தான் நீளம், வேற பயப்பட ஒண்ணுமில்ல."

"வேலைக்குத் திரும்பணுமே," என்றார் அவர். ஆனால் எழுந்திருக்கவில்லை.

நுணுக்கம் மேசையில் உருண்ட ஸ்க்ரூவைத் தேடி எடுத்து, அதை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தாள். கம்பியையும் பிரேமையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இழுப்பறையிலிருந்து பசைக் குப்பியை எடுத்து மூடியைத் திறந்தாள்.

அவர் கை பட்டென்று குறுக்கே வந்தது. "பசை வேணாம்மா."

அவள் அந்தக் கையை மெதுவாக நகர்த்தி வைத்தாள். ஒரு சொட்டு விட்டாள். ஸ்க்ரூவை இறக்கி, கடைசிச் சுற்று வரைக்கும் முறுக்கினாள். லென்ஸில் இருந்த விரல் தடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, எழுந்து மேசையைச் சுற்றி வந்து, தானே அவருக்கு மாட்டிவிட்டாள்.

"இனிமே கழலாதும்மா," என்றாள். "இனிமே நீங்க சும்மாவே வாங்க."