படத்தில் அலறிய பிள்ளை

2005 ஜனவரி. நியூஜெர்சியில் பிஸ்கட்டவேயில் குடியிருந்தோம். பக்ரீத் நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே விளையாட முடியாத குளிர். ஆறு வயது மகனின் ஆட்டம் தாங்காமல் அவனைப் பக்கத்து ஊர் மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். டைனோசர் எலும்பு இருக்கும் என்று நினைத்துப் போனால், எல்லாம் பழைய ஓவியங்கள்.

ஒரு பெரிய படத்தின் முன் அவன் நின்றுவிட்டான். நானூறு வருஷத்துக்கு முன் இத்தாலியில் ஓர் இளைஞன் வரைந்ததாம். விளக்கத்தைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அல்லாஹ் கேட்டதற்காக இப்ராஹீம் நபி தன் மகனை அறுக்கப் போகும் காட்சி. நபிமார்களைப் படமாகப் பார்ப்பது எங்களில் வழக்கமில்லை. "வாங்க தம்பி, போவோம்" என்று கையை இழுத்தேன். அவன் அசையவில்லை.

நானும் பார்த்துவிட்டேன். சுற்றிலும் இருட்டு, வெளிச்சமெல்லாம் பிள்ளையின் முகத்தில். தகப்பனின் கட்டைவிரல் அந்தக் கன்னத்தில் புதைந்திருந்தது. கழுத்தருகே கத்தி.

"வாப்பா, ஹி இஸ் ஸ்க்ரீமிங்" என்றான் மகன்.

பக்ரீத் வந்தால் இந்தக் கதையை நான்தான் அவனுக்குச் சொல்வேன். மகன் சம்மதித்துப் படுத்தார் என்று ஒரே வரியில் முடித்து, அவருக்குப் பதிலாக ஆடு வந்த இடத்துக்கு ஓடிவிடுவேன். அந்தப் பிள்ளை பயந்திருக்கும் என்று நினைத்ததே இல்லை. போதாக்குறைக்கு, அந்த நபிமகனின் பெயரைத்தான் இவனுக்கு வைத்திருக்கிறோம்.

வாசலில் ஜாக்கெட் ஜிப்பை இழுத்துவிடக் குனிந்தேன். கை கழுத்தருகே போனதும் என் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பெற்ற பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படுகிறான்.

காரில் போகும்போது, அல்லாஹ் கேட்டால் நீங்களும் செய்வீங்களா என்று பின்சீட்டிலிருந்து ஆங்கிலத்தில் கேட்டான்.

"அதான் அல்லாஹ் ஆட்டை அனுப்பிட்டானே தம்பி."

"பிஃபோர் தட்?" என்றான்.

ஒரு கடையின் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தினேன். தொழுகை தவறாத ஆள் நான். சொல்ல வேண்டிய பதில் எது என்று தெரியும். அதைச் சொன்னால் இவன் இனி என் பக்கத்தில் படுக்கமாட்டான். வேறு சொன்னாலோ, படைத்தவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"மாட்டேன் தம்பி. வாப்பா மாட்டேன்."

அவன் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் கேட்டான். வாங்கிக் கொடுத்தேன்.

அன்று மாலை அஸர் தொழுகையில் நெற்றியைத் தரையிலிருந்து எடுக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. படைத்தவன் அந்தப் பதிலை மன்னித்தானா என்ற பயம் இன்னும் போகவில்லை. ஆனால் மகன் மறுபடி கேட்டாலும் எனக்கு வேறு பதில் வாயில் வராது.