சவுரியம்மாள் எழுத விடாத பதில்

பிரான்சிஸ் கொத்தனார். பதினான்கு வருடம் கேரளத்தில் வேலை பார்த்துவிட்டு 2018இல் வானூர்ப் பக்கத்து எங்கள் ஊருக்குத் திரும்பினான். வீட்டின் பின்புறம், முந்திரி மரங்களுக்கு நடுவே, ஆரோவில் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கென்று தன் கையாலேயே இரண்டு அறைகள் கட்டினான். "இனிமே நீ எங்கியும் போவ வேணாம்," என்று அவன் மனைவி சவுரியம்மாள் சொன்னது எதிர்வீட்டில் இருந்த எனக்கே கேட்டது. புருஷன் வீட்டில் இருக்க வேண்டும், அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை.

முதலில் ஆட்டோக்காரர்கள் ஆள் கூட்டி வந்தார்கள். அவளுடைய கேப்பை அடையைச் சாப்பிட்டுப் போனவர்கள் தெரிந்தவர்களை அனுப்பினார்கள். கொரோனாவுக்குப் பிறகு அது நின்றுபோனது. எல்லோரும் தங்கிப் போனவர்கள் செல்போனில் போடும் நட்சத்திரத்தைப் பார்த்து அறை பிடித்தார்கள். மகள் அஸ்வினி இவர்கள் வீட்டையும் அதில் சேர்த்து, 'காலை உணவு உண்டு' என்று போட்டாள். இரண்டு வருடம் நன்றாகவே ஓடியது.

2023 நவம்பர் 18, சனிக்கிழமை விடியற்காலை, தெருக்கோடியில் பெரியசாமி இறந்துபோனார். இந்து வீடானாலும் வேதக்கார வீடானாலும், பிணம் எடுக்கும்வரை எங்கள் தெருவில் யாரும் அடுப்பு பற்றவைப்பதில்லை. அன்று அறையில் இருந்தது பெங்களூரிலிருந்து முந்தின நாள் வந்த புது ஜோடி. அந்தப் பெண்ணின் கையில் மருதாணி இன்னும் அழியவில்லை. மேளச் சத்தம் கேட்டு வெளியே வந்தவள், அரைகுறைத் தமிழில், "திருவிழாவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

சவுரியம்மாளுக்குச் சாவு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினாள். "இன்னைக்கு அடுப்பு இல்லம்மா. அவரு இட்லி வாங்கியாரப் போயிருக்காரு."

பிரான்சிஸ் வானூரிலிருந்து பொட்டலத்தோடு திரும்பியபோது அவர்கள் காரில் கிளம்பிப் போயிருந்தார்கள். திங்கட்கிழமை செல்போனில் ஒற்றை நட்சத்திரம் விழுந்தது. 'சாப்பாடு உண்டு என்று சொல்லி ஏமாற்றினார்கள். திருவிழா கொண்டாட எங்களைப் பட்டினி போட்டார்கள்.'

"சீட்டாட்டத்துலதான் என்னைக் கவுத்தாருன்னு பாத்தா, போவும்போதும் கவுத்துட்டாரு பெரியசாமி," என்றான் பிரான்சிஸ். அப்போது சிரிக்க முடிந்தது. டிசம்பரில் ஒருவரும் வரவில்லை.

"அது சாவு மேளம்னு ஒரு வரி பதில் போடுறேம்மா. படிக்கிறவங்களுக்குப் புரியும்," என்றாள் அஸ்வினி.

"போடாத. கல்யாணமாயி மொத மொதல்ல தங்குன எடத்துல சாவுன்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு மனசு என்னா ஆவும்?"

"அது மனசு இருக்கட்டும்," என்றான் பிரான்சிஸ். "நான் மறுபடியும் கரணைய தூக்கிக்கினு கேரளாவுக்குப் போவட்டுமா? அத சொல்லு."

சவுரியம்மாள் எழுந்தாள். உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள்.

பிப்ரவரியில் அவன் போனான். திண்டிவனம் வரை கூடவே போய் ரயில் ஏற்றிவிட்டு வந்தாள். அதன்பின் அவன் வந்தது கிறிஸ்துமஸுக்கு மட்டும், அதுவும் நான்கு நாள். அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. முந்திரிச் சருகு வாசற்படியை மூடிவிட்டது.

போன மாதம் ஒரு மாலை, அவனோடு பேசிவிட்டுச் செல்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அஸ்வினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இப்பவாச்சும் எழுதட்டுமா?" என்று கேட்டாள்.

சவுரியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"வேணாம். அந்தப் பொண்ணு இப்ப மாசமா இருந்தாலும் இருக்கும்."