தகுதிப் பட்டியலில் இல்லாத படிப்பு

தடயவியல் படிக்கப் போகிறேன் என்று அமராவதி சொன்னதும் அவள் அம்மா பூவாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பொணம் அறுக்கற படிப்பா கண்ணு?"

"இல்லீங்மா. அறுக்கறது டாக்டருங்க. ரத்தம், முடி, நூலு, சாம்பல், இதையெல்லாம் சோதிச்சு என்ன நடந்துச்சுன்னு சொல்றவங்க நாங்க."

"நூலுப் பாக்கறதுக்கா அத்தனை தூரம் போய்ப் படிக்கோணும்? திருப்பூருல எல்லாருமே அதைத்தானே பாக்கறாங்க!"

அம்மா சிரித்தாலும் மகளைத் தடுக்கவில்லை. மகள் ஏன் பிடிவாதமாக இருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். காதர்பேட்டையில் அமராவதியின் அப்பா வேலை பார்த்த பனியன் குடோன் ஒருமுறை தீப்பிடித்து எரிந்தது. காவலாளி பீடி பிடித்ததால்தான் தீப்பிடித்தது என்று ஊரே சொல்ல, போலீஸ் அவரைப் பிடித்துப்போனது. அரசு தடயவியல் ஆய்வகத்திலிருந்து ஒரு அம்மா வந்து, கையுறை மாட்டிக்கொண்டு கரிக்குள் உட்கார்ந்து உருகிப்போன ஒயர்களைப் பொறுக்கி எடுத்துப் போனார். மின்கசிவு என்று முடிவு வந்தது. காவலாளி வீட்டுக்குப் போனார். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அமராவதி அந்தக் கரிபடிந்த கையுறைகளை மறக்கவேயில்லை.

இளங்கலை, முதுகலை இரண்டும் முடித்தாள். அவள் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கனவுதான், அரசு ஆய்வகம். அந்த வேலைக்கு அறிவிப்பு வந்த அன்று அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் பட்டாசு படமாய் வந்து குவிந்தது. இணையத்தில் விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வேதியியல் படித்தவர் எழுதலாம், இயற்பியல் படித்தவர் எழுதலாம், உயிரியல் படித்தவர் எழுதலாம். தடயவியல் என்ற பெயரே தகுதிப் பட்டியலில் இல்லை.

விசாரிக்கப் போன் செய்தாள். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகத்தான் பேசினார். "உங்க படிப்பு விதிமுறையில இல்லையேம்மா. நாங்க என்ன பண்ண முடியும்?"

"அந்த ஆய்வகத்துல செய்யற வேலையைத்தானுங்க நாங்க படிச்சதே."

"புரியுதும்மா. ஆனா விதி விதிதானே."

குழு மெல்ல அடங்கிப்போனது. ஒருத்தி பள்ளியில் அறிவியல் சொல்லித்தரப் போனாள். ஒருவன் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தான். ஒருத்தி கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள். அமராவதி பல்லடம் ரோட்டில் ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். ஏற்றுமதிக்குப் போகும் துணியில் சாயம் போகிறதா, துவைத்தால் சுருங்குகிறதா, பருத்தியில் வேறு இழை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அறையில் குளிரும் ஈரப்பதமும் மாறக்கூடாது என்பதால் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். பக்கத்துக் கட்டடத்தில் தையல் மிஷின்கள் ஓடுவது கண்ணாடிக்கு அப்பால் தூரத்து மழைபோலக் கேட்கும். சில நாள் காலையில் வந்தவள் மாலை வரை வாய் திறந்து பேசியிருக்கவே மாட்டாள்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் பூவாத்தாள் மகளின் படிப்பைச் சொல்ல, கோவையிலிருந்து வந்த ஒரு பெரியம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொணத்தைத் தொட்ட புள்ளைங்களா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் பூவாத்தாள் "கெமிஸ்ட்ரி மாதிரி ஒண்ணு" என்று சொல்லத் தொடங்கினாள். தன் படிப்புக்கு வீட்டிலும் பெயர் இல்லாமல் போய்விட்டது என்று அமராவதிக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

தடயவியலையும் தகுதிப் பட்டியலில் சேர்க்கக் கேட்டு அவள் ஒரு மனு எழுதினாள். கையெழுத்துக்காக வகுப்பில் கூடப் படித்தவர்களை ஒவ்வொருவராய் அழைத்தாள். நெருங்கிய தோழி மோனிஷா தயங்கினாள்.

"என்ற பேரைப் போடாத அமரா. நாளைக்கு எங்கியாச்சும் வேலை கிடைக்கறப்ப, கேஸு போடற புள்ளைன்னு நினைச்சிருவாங்க."

"கேஸு இல்லடி, மனுதான்."

"ரெண்டும் ஒண்ணுதான் அவங்களுக்கு."

மற்றவர்களும் நழுவிக்கொள்ள, கடைசியில் அமராவதி தனியாகவே சென்னைக்கு ரயில் ஏறினாள். தடயவியல் துறைத் தலைமை அலுவலகத் தாழ்வாரத்தில் வெகுநேரம் நின்ற பிறகு உள்ளே விட்டார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட பெண் அதிகாரி மனுவைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"எந்தச் சங்கம்? கூட யார் வந்திருக்காங்க?"

"சங்கமெல்லாம் இல்லீங்க. நான் மட்டுந்தானுங்க."

"ஒரு ஆளுக்காக விதியை மாத்துவாங்களா?"

"எனக்கு வேலை குடுங்கன்னு கேட்கலீங்க மேடம். பரீட்சை எழுத விடுங்கன்னுதான் கேட்கறேன். தோத்துட்டா ஊருக்குப் போயிடறேன். வாசல்லயே நிறுத்தறது நியாயமுங்களா?"

அதிகாரி மனுவில் முத்திரை குத்தி நகலைக் கொடுத்தார். திரும்பும் ரயிலில் எதிர் சீட்டில் ஒரு குடும்பம் எலுமிச்சைச் சோறு பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கும் நீட்டினார்கள். வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்புறமும் விடவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்டாள், நினைவூட்டல் அனுப்பினாள், லீவு கிடைத்தபோதெல்லாம் சென்னைக்குப் போய் நின்றாள். "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. பூவாத்தாள், "போச்சாது உடு கண்ணு, உடம்பைக் கெடுத்துக்காத" என்பாள்.

சில வருடங்கள் கழித்துப் புது அறிவிப்பு வந்தது. தகுதிப் பட்டியலின் கடைசி வரியில் தடயவியல் என்று இருந்தது. அமராவதி அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. குழுவில் போட்டாள். இரண்டு பேர் கட்டைவிரல் படம் அனுப்பினார்கள்.

வேலை முடிந்து வந்து படித்தாள். எழுத்துத் தேர்வில் தேறினாள். நேர்காணலுக்கும் போனாள். முடிவு வந்தபோது அவள் பெயர் இல்லை. மோனிஷாவின் பெயர் இருந்தது.

மோனிஷா அழைத்தபோது குரல் அழுகையும் சிரிப்புமாக இருந்தது. "அமரா, நம்ப முடியலடி! எப்படியோ நம்ம படிப்பையும் சேர்த்துட்டாங்க பாரு." சட்டென்று நிறுத்தினாள். "உன்ற மனுவாலயா இருக்கும்?"

ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சான்று இல்லாமல் இது அதனால் நடந்தது என்று சொல்லக்கூடாது என்பது அவர்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பாடம்.

"தெரியலடி. இருந்தாலும் இருக்கும். நீ நல்லா படிச்சே, வாங்கிட்டே. சந்தோசமாப் போய்ச் சேரு."

அவள் சொன்னதில் பொய் இல்லை. போனை வைத்த பிறகு அந்தப் பட்டியலில் தன் பெயரை மறுபடி ஒருமுறை தேடியதும் பொய்யில்லை.

மறுநாள் மதியம் பரிசோதனைக் கூடத்தின் மேலாளர் ஜெபக்குமார் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்துக்காரர், குரல் எப்போதும் ஓங்கியே இருக்கும். "என்னம்மா, இன்னைக்கும் தனியாத்தான் சாப்பாடா? மேல எல்லாரும் இருக்காங்க, வாங்களேன்."

"இதை முடிச்சுட்டு வர்றேனுங்க சார்."

அவர் போனதும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அடுத்த அறிவிப்பு வரும்போது தனக்கு வயது வரம்பு தாண்டியிருக்குமா என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். இன்னும் ஒரு முறை எழுதலாம் போலிருந்தது. நுண்நோக்கியின் கீழே ஒரு இழையை நேராக நீட்டி வைத்துக் குனிந்தாள். மேல்தளத்தில் யாரோ சொன்னதற்கு எல்லோரும் ஒரேயடியாகச் சிரிப்பது கேட்டது.